ஆணையை மீறிய துணைத்தூதுவர்: அரிஸ்டிடெஸ் டி சூசா மென்டெஸ்

கடவுச்சீட்டின் ஒரு பக்கத்தில் பதிக்கப்படும் சிறிய முத்திரை ஒன்றின் பெறுமதியை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கிக் கூறவேண்டியதில்லை. அந்த முத்திரைக்காகத் தூதரக வாசல்களில் விடியுமுன்னரே வரிசையில் நின்றவர்களும், அது கிடைக்காமையால் உற்றாரைப் பிரிந்து வாழ்பவர்களும் எம்மிடையே பலர் உள்ளனர். வரிசையில் நின்றவர்களின் கதைகளை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். இன்று நாம் எடுத்துரைக்க விரும்புவது, மேசைக்கு அப்பால் அமர்ந்து முத்திரையைக் கையில் வைத்திருந்த ஒருவரின் வரலாறு. இடவேண்டாம் என்று தமது அரசாங்கம் கட்டளையிட்ட முத்திரையை, 1940ஆம் ஆண்டு யூன் மாதத்தின் சில நாட்களில், கேட்டு வந்த அனைவருக்கும் இட்டுக் கொடுத்தவர் அவர். அதற்கான விலையைத் தமது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் செலுத்தியவரும் அவரே.

சட்டத்தைப் பேணி நடப்பதே நற்குடிமகனின் கடமை என்று சிறுவயது முதல் எமக்குப் போதிக்கப்படுகின்றது. அது பிழையன்று. ஆனால், சட்டமே அநீதியின் கருவியாக மாறும்போது செய்யத்தக்கது யாது? எப்போது மீறலாம், எவ்வாறு மீறலாம், மீறுபவர் எதற்கு ஆயத்தமாக இருக்கவேண்டும்? இவ்வினாக்களுக்கு அறநூல்கள் கூறும் விடைகள் பல. போர்த்துக்கல் நாட்டின் அரிஸ்டிடெஸ் டி சூசா மென்டெஸ் தமது வாழ்க்கையாலேயே ஒரு விடையைத் தந்து சென்றார்.

பிறப்பும் பணியும்

அவருடைய பெயர் எமது செவிக்கு முற்றிலும் புதியதன்று. டி சூசா, மென்டிஸ் முதலிய பெயர்கள் போர்த்துக்கேயர் ஆட்சிக் காலத்தின் எச்சமாக இலங்கையில் இன்றும் வழங்குகின்றன. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அதே நாட்டிலே, ஏறத்தாழ இருநூற்று அறுபத்தாறு ஆண்டுகளின் பின்னர், 1885 யூலை 19ஆம் திகதி, கபானாஸ் டி விரியாத்தோ என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் ஒரு நீதிபதி. குடும்பம் நிலவுடைமையும் பழம்பெருமையும் உடையது. கத்தோலிக்க மதப்பற்றிலும் முடியாட்சிப் பற்றிலும் ஊறியது. அவருடன் இரட்டையராகப் பிறந்தவர் சேசார். சகோதரர் இருவரும் கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, இருவருமே வெளிநாட்டுச் சேவையில் இணைந்தனர். சேசார் 1932ஆம் ஆண்டில் சிறிது காலம் வெளிநாட்டு அமைச்சராகவும் விளங்கினார்.

அரிஸ்டிடெஸ் தமது உறவுமுறைப் பெண்ணான அஞ்சலினாவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பதினால்வர். சன்சிபார், பிரேசில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ, பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் எனப் பணியிடங்கள் மாறிக்கொண்டேயிருந்தன. பெருங்குடும்பமும் அவருடன் நாடு நாடாகச் சென்றது. செலவு மிகுந்த வாழ்க்கை; கடன் தொல்லை அவரை அடிக்கடி பற்றிக்கொண்டது. மேலதிகாரிகளுடன் பிணக்குகளும் இருந்தன. 1938ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகருக்குத் துணைத்தூதுவராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 53. புரட்சிக்காரர் என்று எவரும் அவரைக் கருதியிருக்க மாட்டார்கள். வெளிநாட்டுச் சேவையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஓய்வை எதிர்நோக்கியிருந்த ஒரு நடுத்தர நிலை அதிகாரி, அவ்வளவே.

பதினான்காம் இலக்கச் சுற்றுநிருபம்

அன்றைய போர்த்துக்கலை ஆண்டவர் அந்தோனியோ டி ஒலிவேரா சலசார். 1932 முதல் பிரதமராகவும், 1936 முதல் வெளிநாட்டு அமைச்சராகவும் அனைத்து அதிகாரங்களையும் தம் கையில் வைத்திருந்த சர்வாதிகாரி. சூசா மென்டெஸ் பிறந்த அதே வட்டாரத்தில் பிறந்து, அதே கொயிம்பிராவில் கற்றுப் பேராசிரியரானவர்.

1938ஆம் ஆண்டு யூலையில், ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பியோடும் யூத அகதிகளைப் பற்றி ஆராய்வதற்காகப் பிரான்சின் எவியன் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். அனுதாபம் தெரிவிக்கப்பட்டது, கதவுகளோ பெரும்பாலும் திறக்கப்படவில்லை. 1939ஆம் ஆண்டு மே மாதம் 937 பயணிகளுடன் ஹம்பேர்க்கிலிருந்து புறப்பட்ட செயின்ற் லூயிஸ் என்னும் கப்பல் கியூபாவை அடைந்தபோது, சிலரைத் தவிர மற்றவர்கள் தரையிறங்க விடப்படவில்லை. அமெரிக்காவும் இடம் கொடாமையால் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களுள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் பின்னர் நாசிகளின் கொடுமைக்குப் பலியாகினர். இவையெல்லாம் சட்டப்படியே நடந்தன என்பதை நாம் மனங்கொள்ளவேண்டும். எந்தச் சுங்க அதிகாரியும், எந்தக் குடிவரவு அதிகாரியும் தமது நாட்டின் விதியை மீறவில்லை.

போர்த்துக்கலும் இதற்கு விலக்கன்று. போர் மூண்டபோது நடுநிலை வகித்த அந்நாடு, 1939 நவம்பர் 11ஆம் திகதி தனது துணைத்தூதரகங்கள் அனைத்துக்கும் 14ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை அனுப்பியது. நாடற்றவர்கள், குடியுரிமை தெளிவற்றவர்கள், ரஷ்யர்கள், தமது நாடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் ஆகியோருக்கு லிஸ்பனின் முன்னனுமதி இன்றி விசா வழங்கலாகாது என்பது அதன் சாரம். எவருக்கு விசா உயிர்நாடியோ, அவரைத் தேடிப் பார்த்து ஒதுக்கிய பட்டியல் அது. சொந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்ல முடியாதவர் என்பதே மறுப்புக்குக் காரணமாக்கப்பட்டது.

சூசா மென்டெஸ் இந்தச் சுற்றுநிருபம் வந்த சில நாட்களிலேயே அதனுடன் மோதினார். ஒஸ்திரியாவிலிருந்து தப்பி வந்த யூதப் பேராசிரியர் ஆர்னோல்ட் விஸ்னிற்சருக்கு, அனுமதி கிடைக்குமுன்னரே விசா வழங்கினார். வழங்காவிடில் அவர் மனைவியையும் மகனையும் பிரிந்து தடுப்பு முகாமுக்குச் செல்ல நேர்ந்திருக்கும் என்று லிஸ்பனுக்கு விளக்கமும் எழுதினார். கண்டனம் வந்தது. மீண்டும் இவ்வாறு நடந்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஆகவே, பின்னர் அவர் செய்தவற்றை விளைவறியாது செய்தவை என்று கூறமுடியாது.

போர்தோவில் பெருவெள்ளம்

1940 மே 10ஆம் திகதி ஜேர்மனியப் படைகள் மேற்கு நோக்கிப் பாய்ந்தன. ஒல்லாந்தும் பெல்ஜியமும் வீழ்ந்தன. யூன் 14ஆம் திகதி பாரிஸ் நகரம் ஜேர்மனியர் வசமாயிற்று. பல மில்லியன் மக்கள் தெற்கு நோக்கிய வீதிகளில் நிறைந்தனர். கார்களிலும் துவிச்சக்கர வண்டிகளிலும் கால்நடையாகவும், கையில் அகப்பட்டதைச் சுமந்துகொண்டு வந்தவர்களின் கூட்டம் அது. பிரெஞ்சு அரசாங்கமே பாரிசை விட்டுப் போர்தோவுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து தப்புவதற்கு இருந்த தரைவழி, ஸ்பெயினைக் கடந்து போர்த்துக்கலை அடையும் பாதையே. போர்த்துக்கலின் விசா இருந்தால்தான் ஸ்பெயின் தன் மண்ணைக் கடக்க இடமளிக்கும். ஆகையால், கரோன் ஆற்றங்கரையில், பதினெட்டாம் லூயி துறைவீதியின் 14ஆம் இலக்கக் கட்டடத்தில் அமைந்திருந்த போர்த்துக்கேயத் துணைத்தூதரகத்தின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். படிக்கட்டுகளிலும் நடைபாதையிலும் படுத்துறங்கினர். தம் இடம் பறிபோய்விடும் என்று அஞ்சி உணவுக்கும் விலகாது நின்றனர்.

அக்கூட்டத்தில் சூசா மென்டெஸ் சந்தித்தவர்களுள் ஒருவர் பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த யூத மதகுரு ஹாயிம் குரூகர். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் அவருடன் இருந்தனர். துணைத்தூதுவர் அவர்களைத் தமது இல்லத்துக்கு அழைத்துச் சென்று தங்கவைத்தார். அவர்களுக்காக விசா கோரி லிஸ்பனுக்கு விண்ணப்பம் அனுப்பினார். மறுப்பே பதிலாக வந்தது. ஆயினும் அக்குடும்பத்துக்கு மட்டும் விசா தருவதாக அவர் முன்வந்தார். வெளியே காத்து நிற்கும் தம் மக்கள் அனைவருக்கும் இல்லாத உதவி தமக்கு மட்டும் வேண்டாம் என்று அம்மதகுரு மறுத்துவிட்டார்.

எமது கருத்தில், வரலாற்றின் திருப்பம் இவ்விடத்திலேதான் நிகழ்ந்தது. ஒருவருக்கு இரங்கி விதியைச் சற்றே வளைப்பது எந்த அதிகாரிக்கும் இயலும். அதனைச் சலுகை என்கிறோம். குரூகரின் மறுப்பு அந்தச் சலுகையின் வழியை அடைத்துவிட்டது. விதி சரியானதாயின் எவருக்கும் கொடுக்கலாகாது. பிழையானதாயின் எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே ஒதுங்கி நிற்க இடமில்லாத நிலைக்குத் துணைத்தூதுவர் தள்ளப்பட்டார்.

அவர் நோயுற்றவர்போலப் படுக்கையில் விழுந்தார். இரண்டு மூன்று நாட்கள் அறையை விட்டு வெளிவரவில்லை. உறக்கமின்றிப் புரண்டதாகவும் வியர்த்ததாகவும் குடும்பத்தினர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளனர். பதினால்வரைப் பெற்ற தந்தை, கடன் சுமையுள்ளவர், சர்வாதிகாரியின் ஊழியர். தாம் இழக்கப்போவது எதுவென்று அவர் அறிவார். யூன் 17ஆம் திகதி எழுந்து, முகம் மழித்து, உடை மாற்றி வெளியே வந்தார். இனம், மதம், நாடு என்ற பேதமின்றிக் கேட்பவர் அனைவருக்கும் விசா வழங்கப்படும் என அறிவித்தார். அதே நாளில்தான் பிரான்சின் புதிய பிரதமர் மார்ஷல் பெத்தான் போரை நிறுத்துமாறு வானொலியில் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

முத்திரை ஓயாத நாட்கள்

அதன் பின்னர் நடந்தது ஒரு தொழிற்சாலையின் வேலையை ஒத்தது. குரூகர் வீதியில் இறங்கிக் கடவுச்சீட்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேகரித்து வந்தார். புதல்வரும் மருமகனும் உதவிக்கு நின்றனர். செயலாளர் மனமின்றியே எனினும் முத்திரையிட்டார். துணைத்தூதுவர் காலை முதல் நள்ளிரவு கடந்தும் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார். முழுப்பெயரை எழுத நேரமில்லாமையால் மென்டெஸ் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். பதிவேட்டில் பெயர்களை எழுதுவதும் ஒரு கட்டத்தில் கைவிடப்பட்டது. பணம் இல்லாதவர்களிடம் கட்டணம் பெறப்படவில்லை.

போர்தோவோடு அவர் நிறுத்தவில்லை. தமது அதிகாரத்துக்கு உட்பட்ட பயோன் நகரத் துணைத்தூதரகத்துக்குச் சென்றார். சுற்றுநிருபத்தைக் காட்டித் தயங்கிய அங்கிருந்த அதிகாரியிடம், பொறுப்பைத் தாம் ஏற்பதாகக் கூறி, அங்கும் விசா வழங்கச் செய்தார். எல்லையோர நகரான ஆந்தாயில் வீதியிலேயே நின்று கையொப்பமிட்டார். பெரிய எல்லைக் கடவை அடைக்கப்பட்டபோது, லிஸ்பனின் தடையுத்தரவு எட்டாத ஒரு சிறிய கடவைக்குத் தமது காரை முன்னே செலுத்தி அகதிகளை வழிநடத்திச் சென்றதாகவும் கூறப்படுகின்றது.

அவரிடம் விசா பெற்றவர்களுள் ஒஸ்திரிய அரச வம்சத்து ஒட்டோ வொன் ஹப்ஸ்பேர்க்கின் குடும்பமும், ஓவியர் சல்வதோர் டாலியும் அடங்குவர். ஆனால், மிகப் பெரும்பாலானோர் தையற்காரரும் வணிகரும் தாய்மாரும் பிள்ளைகளுமாகிய சாதாரண மக்களே. மொத்தம் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. நெடுங்காலமாக வழங்கிவந்த தொகை முப்பதாயிரம். அவர்களுள் பத்தாயிரவர் யூதர் என்பர். பதிவேடுகளை நேரில் ஆராய்ந்தவர்கள் இத்தொகை மிகைப்படுத்தப்பட்டது என்கின்றனர். எவ்வாறாயினும் அது பல ஆயிரங்களைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. எஞ்சியுள்ள அந்த விசாப் பதிவேட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

யூன் 24ஆம் திகதி லிஸ்பன் அவரைத் திருப்பி அழைத்தது. ஸ்பெயினிலிருந்த போர்த்துக்கேயத் தூதுவர் பெத்ரோ தெயொத்தோனியோ பெரேரா எல்லைக்கு விரைந்து வந்து, இந்த விசாக்கள் செல்லாதவை என்று ஸ்பானிய அதிகாரிகளிடம் தெரிவித்தார். துணைத்தூதுவர் மனநிலை குழம்பியவராகக் காணப்பட்டார் என்பதும் அவர் அளித்த விளக்கம். அரசாணையை மீறி அந்நியருக்கு இரங்குபவரைப் பித்தர் என்று கூறுவது அதிகார வர்க்கத்துக்கு எப்போதும் எளிது.

தண்டனை

யூலை 8ஆம் திகதி சூசா மென்டெஸ் தாயகம் திரும்பினார். ஒழுக்காற்று விசாரணை நடைபெற்றது. அவர் எதையும் மறுக்கவில்லை. தாம் கையொப்பமிடவில்லை என்றோ, சுற்றுநிருபம் கிடைக்கவில்லை என்றோ சாதிக்கவில்லை. சொல்லொணாத் துயரில் இருந்த மக்களைக் காப்பாற்றுவதே தமது நோக்கம் என்றும், அதனால் தமது நாட்டின் பெயர் உயருமேயன்றித் தாழாது என்றும் எழுத்தில் வாதிட்டார்.

அவர்மீது வேறு முறைப்பாடுகளும் வந்தன என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. பிரித்தானிய விசாக்களைத் தாமதப்படுத்தினார், தர்ம நிதிக்கென மேலதிக பணம் கேட்டார் என்று லிஸ்பனிலிருந்த பிரித்தானியத் தூதரகம் குற்றம் சாட்டியிருந்தது. அவருடைய சொந்த வாழ்விலும் சிக்கல் இருந்தது. அந்திரே சிபியால் என்ற பிரெஞ்சுப் பெண்ணுடன் அவருக்கு உறவிருந்தது; 1940இல் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அவர் குற்றங்குறைகளுக்கு அப்பாற்பட்ட முனிவர் அல்லர். இதனைக் கூறுவதில் ஒரு பயனுண்டு. நற்செயல் புரிய முனிவராக இருந்தாகவேண்டும் என்று எண்ணுவோர், அந்த எண்ணத்தையே கைகட்டி நிற்பதற்கு ஒரு சாட்டாக்கிக் கொள்கின்றனர்.

விசாரணைக் குழு ஒரு படி பதவியிறக்கத்தைப் பரிந்துரைத்தது. சலசார் அதனுடன் திருப்தியடையவில்லை. 1940 ஒக்ரோபர் 30ஆம் திகதி அவர் வழங்கிய தீர்ப்பின்படி, ஓராண்டு அரைச் சம்பளத்துடன் பணியின்றியும், அதன்பின் கட்டாய ஓய்விலும் சூசா மென்டெஸ் வைக்கப்பட்டார்.

குடும்பம் படிப்படியாகச் சரிந்தது. கடன்கள் பெருகின. கபானாஸ் டி விரியாத்தோவிலிருந்த மாளிகையின் தளபாடங்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. லிஸ்பனில் யூத சமூகத்தினர் அகதிகளுக்கென நடத்திய உணவுச்சாலையில் அக்குடும்பம் உணவருந்திய நாட்களும் உண்டு. அங்கு பணிபுரிந்த இளைஞர் ஒருவர், இது அகதிகளுக்கான இடம் என்று கூறி வேறு பகுதியைக் காட்டியபோது, தாமும் அகதிகளே என்று சூசா மென்டெஸ் விடையளித்ததாக அந்த இளைஞரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1945ஆம் ஆண்டில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. 1948இல் அஞ்சலினா காலமானார். அடுத்த ஆண்டு அந்திரேயை அவர் மணந்தார். பிள்ளைகள் பலர் நாட்டில் வாழ வழியின்றி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் புலம்பெயர்ந்தனர். பிறருக்குப் பயணவழி திறந்தவரின் சொந்தப் பிள்ளைகள் திக்குத் திக்காகப் பிரிந்தனர். 1954 ஏப்ரல் 3ஆம் திகதி லிஸ்பனில் பிரான்சிஸ்கன் சபையினரின் வைத்தியசாலையில் அவர் உயிர் நீத்தார். பத்திரிகைகளில் எவரும் பெரிதாக எழுதவில்லை.

இவ்விடத்தில் ஒரு முரணைக் குறிப்பிடவேண்டும். போர்க்காலத்தில் பெருந்தொகையான அகதிகளுக்கு வழிவிட்ட நாடு என்ற நற்பெயர் போர்த்துக்கலுக்குக் கிடைத்தது. அந்த நற்பெயரைச் சலசாரின் அரசாங்கம் மனமுவந்து ஏற்றுக்கொண்டது. அதற்குக் காரணமானவர்களுள் ஒருவர் கடனாளியாக வீட்டில் முடங்கிக் கிடந்தார்.

எப்போது மீறலாம்?

அரசின் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. அதனை நேர்மையுடன் நோக்குவோம். போர்த்துக்கல் சிறிய நாடு. ஜேர்மனியப் படைகள் பிரனீஸ் மலையடிவாரம் வரை வந்துவிட்டன. நடுநிலைமை குலைந்தால் நாடே அழியலாம். ஒவ்வோர் அதிகாரியும் தத்தம் மனம்போல் ஆணைகளை மீறத் தொடங்கினால் அரசு என்று ஒன்று எஞ்சாது. இவ்வாதம் வெறும் பொய்யன்று. சட்டமற்ற நாட்டில் முதலில் நசுக்கப்படுவது பலவீனரே என்பதை எம்மவர் பட்டறிந்துள்ளனர். ஆகவே, விதி மனத்துக்குப் பிடிக்கவில்லை என்பதோ, தமக்கு இடையூறாக உள்ளது என்பதோ அதனை மீறப் போதிய காரணமாகாது.

அவ்வாறாயின் சூசா மென்டெஸின் மீறலை அறமாக்கியது எது? அவர் வாழ்க்கையை ஊன்றி நோக்கும்போது ஐந்து விடயங்கள் எமக்குத் தென்படுகின்றன.

முதலாவது, விதியினால் விளையும் கேடு திருத்தமுடியாதது. பிழையாக வழங்கிய விசாவைப் பின்னர் இரத்துச் செய்யலாம். பிழையாக மறுத்த விசாவினால் போன உயிரை மீட்க முடியாது. இரண்டாவது, சட்டத்துக்குட்பட்ட வழிகளை அவர் முதலில் நாடினார். விண்ணப்பித்தார், காரணம் எழுதினார், மறுப்பைப் பெற்றார். படைகள் நெருங்கிக்கொண்டிருக்க, மேலும் காத்திருப்பதும் மறுப்பதும் ஒன்றே என்ற கட்டம் வந்த பின்னரே பொதுவாக மீறினார்.

மூன்றாவது, அவர் ஒளித்துச் செய்யவில்லை. அரசின் முத்திரைக்குக் கீழே தமது பெயரை இட்டார். நான்காவது, தமக்கென்றோ தம்மவர்க்கென்றோ செய்யவில்லை. யூதருக்கும் யூதரல்லாதாருக்கும், இளவரசருக்கும் ஏழைக்கும் ஒரே முத்திரையே. இவ்விரண்டு அம்சங்களையும் எமது வாசகர்கள் சற்று ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். போலிக் கடவுச்சீட்டைப் பெருந்தொகைக்கு விற்று, நடுவழியில் பயணிகளைக் கைவிட்டுச் செல்லும் ஏஜென்சிக்காரரும் எல்லைச் சட்டங்களை மீறுகிறார். மீறல் என்ற வகையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால், ஒருவர் அடுத்தவரின் அவலத்தை விற்றுப் பிழைக்கிறார். மற்றவர் அந்த அவலத்தைத் தம்மீது ஏற்றுக்கொண்டார். ஐந்தாவதும் இதனோடு தொடர்புடையது. தண்டனை வந்தபோது அவர் தப்பியோடவில்லை. செயல் தம்முடையது என்று ஏற்று, அது சரியே என்று வாதாடினார். சட்டத்தின் மேல் மதிப்பற்றவர் அவ்வாறு செய்யமாட்டார். சட்டம் எதற்காக இருக்கவேண்டுமோ அதற்காக அவர் அந்த ஒரு சட்டத்தை மீறினார்.

போர்த்துக்கல் படையெடுக்கப்படவில்லை. வந்த அகதிகளுள் பெரும்பாலோர் லிஸ்பன் துறைமுகத்தின் வழியே அமெரிக்கக் கண்டத்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். அரசு அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. எனினும், விளைவு நல்லதாக முடிந்தமையால் மட்டும் அவர் செய்தது சரி என்று நாம் கூறமாட்டோம். முடிவு எவ்வாறு அமையும் என்று அன்று அவருக்குத் தெரியாது. வாசலில் நின்ற மக்களையும், அவர்களுக்குப் பின்னே வந்துகொண்டிருந்த படையையும் மட்டுமே அவர் அறிவார். அந்த அறிவைக் கொண்டு பார்க்கையிலும் அவர் முடிவு சரியானதே.

பிந்தி வந்த நீதி

தந்தையின் பெயரை மீட்பதற்குப் பிள்ளைகள் பல நாடுகளிலிருந்தும் முயன்றனர். 1966ஆம் ஆண்டில் யெருசலேமிலுள்ள யாட் வஷேம் நினைவு நிறுவனம், யூதர்களைக் காத்த பிற இனத்து நீதிமான்களின் வரிசையில் அவரைச் சேர்த்தது. சொந்த நாடோ மௌனம் காத்தது. 1974 ஏப்ரல் 25ஆம் திகதிப் புரட்சியில் சர்வாதிகாரம் வீழ்ந்த பின்னரும் மேலும் பதினான்கு ஆண்டுகள் கடந்தே, 1988ஆம் ஆண்டில், போர்த்துக்கேயப் பாராளுமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கித் தூதுவர் என்ற நிலைக்கு உயர்த்தியது. அவர் இறந்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2021 ஒக்ரோபரில், நாட்டின் பெருமக்களை நினைவுகூரும் லிஸ்பன் தேசிய மண்டபத்தில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. உடல் அவருடைய விருப்பத்துக்குரிய சொந்த மண்ணிலேயே துயில்கின்றது. பாழடைந்து கூரையின்றிக் கிடந்த அவருடைய மாளிகை திருத்தப்பட்டு, 2024 யூலையில் அரும்பொருட்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இந்த மரியாதைகள் யாவும் நல்லவையே. ஆயினும், அநீதியான விதியை எதிர்ப்பவர் இவற்றை எதிர்பார்த்து இறங்க முடியாது என்பதையும் இவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது. நீதி வந்தபோது அதனைப் பெற்றுக்கொள்ள அவர் உயிருடன் இல்லை. அவர் வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த பலன் ஒன்றே: அவர் கையொப்பமிட்ட தாள்களுடன் எல்லையைக் கடந்தவர்கள் எங்கோ உயிருடன் இருந்தார்கள்.

எம்மிற் பலருடைய கோவைகள் இன்றும் யாரோ ஓர் அதிகாரியின் மேசையில் கிடக்கின்றன. அந்த அதிகாரிகள் எல்லோரும் விதியை மீறவேண்டும் என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. பெரும்பாலான வேளைகளில் விதியை மனிதத்தன்மையோடு வாசித்தாலே போதுமானது. ஆனால், வாழும் நாடுகளில் எமது பிள்ளைகள் கற்றுத் தேறி, அத்தகைய மேசைகளுக்குப் பின்னே அமரும் காலமும் வந்துவிட்டது. எதிரே நிற்பவர் எந்த நாட்டவராயினும், எந்த மொழி பேசுபவராயினும், அவருடைய தாளை வாங்கும்போது சூசா மென்டெஸின் பெயரை அவர்கள் அறிந்திருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லி வைப்பது பெற்றோரின் பொறுப்பு என்பதே எமது தாழ்மையான கருத்து.